மூளை வாயிலின் காவலர்

நம் உடலில் ஓடும் குருதி எல்லா உறுப்புகளுக்கும் பொதுவானது. உண்ட உணவின் சத்தும், உட்கொண்ட மருந்தும், அறியாமல் புகுந்த நஞ்சும் அதன் வழியே உடலெங்கும் செல்கின்றன. ஆயினும் ஓர் உறுப்பு மட்டும் வருவோர் அனைவரையும் உள்ளே விடுவதில்லை. அதுவே மூளை. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள இவ்வுறுப்பு, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பெற்றுக்கொள்கிறது. அந்த ஆற்றலைக் கொண்டு சேர்ப்பதற்காகப் பல நூறு கிலோமீட்டர் நீளமுள்ள நுண்குழாய்கள் அதனுள் பின்னிக் கிடக்கின்றன. குருதியோடு இத்துணை நெருங்கி உறவாடும் மூளை, குருதியில் வரும் பெரும்பாலான பொருள்களைத் தன் வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது என்பது வியப்பன்றோ?

இக்காவல் இருப்பதால்தான் நாம் நலமாக வாழ்கிறோம். ஆனால் இதே காவல் சில குழந்தைகளின் வாழ்வில் பெருந்துயராகவும் அமைகிறது. பிறவியிலேயே ஒரு நொதி குறைவதால் உடலின் கழிவுப் பொருள்கள் உயிரணுக்களில் தேங்கிவிடும் நோய்கள் உண்டு. ஹர்லர் நோய் அவற்றுள் ஒன்று. குறைந்துள்ள நொதியைச் செயற்கையாகத் தயாரித்துக் குருதியில் செலுத்தும் சிகிச்சைக்கு 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. அம்மருந்தால் வீங்கிய கல்லீரல் சுருங்குகிறது. மூச்சுத் திணறல் குறைகிறது. குழந்தை முன்னிலும் நன்றாக நடக்கிறது. ஆனால் அதே நொதி மூளைக்குள் செல்வதில்லை. உடல் தேறிவரும் வேளையிலேயே, கற்ற சொற்களை ஒவ்வொன்றாக மறந்துபோகும் குழந்தையைப் பெற்றோர் கண்ணெதிரே காண நேர்கிறது. மருந்து இருக்கிறது, குருதியிலும் கலந்திருக்கிறது, ஆனால் தேவைப்படும் இடத்தை அது சென்றடையவில்லை.

அக்காவலைச் சிதைக்காமல் மருந்தை உள்ளே சேர்ப்பது எப்படி என்னும் வினாவுக்கு விடை தேடிய வரலாறு ஏறத்தாழ 140 ஆண்டு நீளமுடையது. அந்த வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாக நினைத்துப் பார்ப்போம்.

நிறம் ஏறாத உறுப்பு

1885-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் பால் எர்லிக் என்னும் மருத்துவ அறிஞர் விலங்குகளின் குருதியில் சாயங்களைச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். உடலின் ஏனைய உறுப்புகளெல்லாம் நிறம் ஏறின; மூளையில் மட்டும் சாயம் பற்றவில்லை. மூளைத் திசுவுக்கு அந்தச் சாயத்தோடு ஒட்டுறவு குறைவு என்று அவர் விளக்கம் கூறினார். அறிவுக்குப் பொருந்துவதாகத் தோன்றிய அவ்விளக்கம் தவறானது.

தவறைத் திருத்தியவர் எட்வின் கோல்ட்மன். அவர் 1913-இல் வெளியிட்ட ஆய்வில் அதே வகைச் சாயத்தைக் குருதியில் செலுத்தாமல், மூளையைச் சூழ்ந்துள்ள நீரில் நேரே செலுத்தினார். இம்முறை மூளை முழுவதும் நிறம் ஏறியது. உடலின் ஏனைய பகுதிகள் நிறமின்றி இருந்தன. ஆகவே மூளைத் திசு சாயத்தை வெறுக்கவில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையே ஏதோ ஒரு தடுப்பு நிற்கிறது என்பது தெளிவாயிற்று. வினாவை மறுபக்கமிருந்து கேட்டதால் விடை கிடைத்தது.

அத்தடுப்புக்கு இன்று வழங்கும் பெயரை நிலைநாட்டியவர் ஒரு பெண் அறிஞர். லீனா ஸ்டெர்ன் என்னும் அவ்வம்மையார் 1918-இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியரானார். 1921-இல் 'குருதி - மூளைத் தடுப்பு' என்னும் சொற்றொடரைக் கையாண்டு, மூளையின் உட்சூழலைக் காப்பதே அதன் கடமை என்று விளக்கினார். 1925-இல் அழைப்பை ஏற்று மாஸ்கோ சென்றார். 1939-இல் சோவியத் அறிவியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினர் என்னும் சிறப்பைப் பெற்றார். மூளை உறையைத் தாக்கும் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் குருதியில் செலுத்துவதோடு நில்லாமல், மூளையைச் சூழ்ந்த நீரிலேயே சேர்க்க வேண்டும் என்று அவர் முயன்றது தம் ஆய்விலிருந்து எழுந்த துணிவாகும்.

ஆனால் 1949-இல் யூதப் பாசிச எதிர்ப்புக் குழுவைச் சேர்ந்தவர் என்பதற்காக அவர் சிறைப்பட்டார். உடன் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் 13 பேர் 1952 ஆகஸ்ட் 12-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஸ்டெர்ன் அம்மையார் உயிர் தப்பி, கசகஸ்தானத்துக்கு நாடு கடத்தப்பட்டார், ஸ்டாலின் மறைவுக்குப்பின் 1953-இல் மாஸ்கோ திரும்பி மீண்டும் ஆய்வைத் தொடர்ந்தார், 1968-இல் காலமானார். இன்று மருத்துவ நூல்களில் அத்தடுப்பின் பெயரைப் படிக்கும் மாணவருள் எத்தனை பேர் அம்மூதாட்டியை அறிவர்?

காவலர் யார்?

தடுப்பு உண்டு என்று அறிந்த பின்னும், அது எங்கே இருக்கிறது என்பது பல ஆண்டுகள் விளங்கவில்லை. 1967-இல் தாமஸ் ரீஸ், மோரிஸ் கார்னோவ்ஸ்கி என்னும் இருவர் எலியின் குருதியில் ஒரு நொதியைச் செலுத்தி, அது எங்கே தடைப்படுகிறது என்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தனர். நுண்குழாயின் உட்சுவரிலேயே அது நின்றுவிட்டது. அச்சுவர் ஒரே அடுக்காக அமைந்த மெல்லிய உயிரணுக்களால் ஆனது. உடலின் பிற இடங்களில் இவ்வுயிரணுக்களிடையே சிறு இடைவெளிகள் உண்டு. மூளையிலோ அவை ஒன்றோடொன்று இறுகத் தைக்கப்பட்டதுபோல் இணைந்திருக்கின்றன. இவையே மூளை வாயிலின் காவலர். சுற்றியுள்ள பிற உயிரணுக்கள் இவற்றுக்குத் துணை நிற்கின்றன.

காவலரை இன்னார் என்று அறிந்ததும் மருத்துவர்க்கு முதலில் தோன்றிய வழி, சற்று நேரம் கதவைத் திறந்துவிடுவது. 1970-களில் ஸ்டான்லி ராப்பபோர்ட் அடர்த்தி மிகுந்த சர்க்கரைக் கரைசல்களைப் பயன்படுத்தி உட்சுவர் உயிரணுக்களைச் சுருங்கச் செய்து, இடையே வழி திறக்கலாம் என்று காட்டினார். மூளைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இம்முறை பயன்பட்டது. ஆயினும் திறந்த வாயில் வழியே மருந்து மட்டுமா நுழையும்? வேண்டாதவையும் நுழையும். வாழ்நாள் முழுவதும் மருந்து தேவைப்படும் குழந்தைக்கு வாயிலை நாள்தோறும் திறந்து வைக்க இயலாது. வேறு வழி தேட வேண்டியிருந்தது.

எதிர்பாராமல் கிடைத்த ஊர்தி

அந்த வழி, மூளையோடு தொடர்பே இல்லாத ஓர் ஆய்வகத்திலிருந்து வந்தது. 1965-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அட்சிசன், காஸ்டோ, ஹேமன் ஆகியோர் அடினோவைரசை ஆராய்ந்தபோது, அதனூடே மிகச் சிறிய துகள்கள் கலந்திருப்பதைக் கண்டனர். அது மற்றொரு வைரஸ். அடினோவைரஸ் போன்ற ஒன்றின் துணையின்றி அதனால் பெருக இயலாது. எனவே அதற்கு அடினோ சார்ந்த வைரஸ் என்று பெயரிட்டனர். ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காக்கினால் அதில் 25 பங்கே அதன் விட்டம். 60 புரதங்களால் ஆன ஓர் உறை. அதனுள் ஏறத்தாழ 4,700 எழுத்துகள் கொண்ட மரபுச் செய்தி. மனிதரிடம் எந்த நோயையும் அது உண்டாக்குவதாக அறியப்படவில்லை.

தீங்கற்றதும் தானே பெருக இயலாததுமான இவ்வைரசின் சொந்த மரபுச் செய்தியை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் நமக்கு வேண்டிய மரபணுவை ஏற்றி அனுப்பினால் என்ன? 1984-இல் ஹெர்மோனாட், முசிச்கா ஆகிய இருவரும் அவ்வாறு ஒரு மரபணுவை உயிரணுவுக்குள் கொண்டு சேர்க்கலாம் என்று காட்டினர். நோய் தரும் வைரஸ் குலத்தைச் சேர்ந்த ஒன்று, மருந்து சுமக்கும் ஊர்தியாயிற்று.

இத்துறையின் பாதை மலர் தூவிய பாதையன்று. 1990 செப்டம்பரில் அமெரிக்காவில் நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய 4 வயதுச் சிறுமிக்கு வேறொரு வகை வைரஸ் துணையோடு மரபணுச் சிகிச்சை அளிக்கப்பட்டது, உலகம் மகிழ்ந்தது. 1999 செப்டம்பரில் பென்சில்வேனியாவில் அடினோவைரஸ் ஊர்தியை ஏற்ற 18 வயது இளைஞர் ஒருவர் நான்கே நாளில் இறந்தார், உலகம் திகைத்தது. அம்மரணத்திற்குப் பின் ஆய்வுகளுக்கான விதிகள் கடுமையாயின. ஊர்திகளைத் தேர்வதில் கவனமும் மிகுந்தது. அடினோ சார்ந்த வைரசின்பால் ஆய்வாளர் பார்வை மேலும் திரும்பியது.

2009-இல் பிரையன் கேஸ்பர் குழுவினர், அவ்வைரசின் 9-ஆம் வகையைக் குருதியில் செலுத்தினால் அது மூளைத் தடுப்பைக் கடக்கிறது என்று எலிகளில் கண்டனர். அந்த அறிவின் வழியே தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான மருந்து உருவாகி, 2019 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரே முறை செலுத்தப்படும் அம்மருந்தால், தலை நிற்காமல் மடிந்திருக்க வேண்டிய குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தனர். ஆயினும் செலுத்தியதில் பெரும்பகுதி கல்லீரலுக்குச் செல்வதால், மிகப் பெரிய அளவில் அதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

காவலரிடமே ஒப்படைத்தல்

இவ்விடத்தில் ஆய்வாளர் சிலர் வேறு விதமாகச் சிந்தித்தனர். நாம் இதுவரை காவலரைக் கடந்து செல்லவே முயன்றோம். காவலரிடமே மரபணுவை ஒப்படைத்தால் என்ன? உட்சுவர் உயிரணுவின் ஒரு பக்கம் குருதியை நோக்கியிருக்கிறது. மறுபக்கம் மூளையை நோக்கியிருக்கிறது. குருதியில் வரும் ஊர்தி எளிதாகச் சேரக்கூடிய இடம் அதுவே. குறைந்துள்ள நொதியைத் தயாரிக்கும் மரபணுவை அவ்வுயிரணு பெற்றுவிட்டால், தானே நொதியைச் செய்து மூளைப் பக்கம் வழங்கலாம் அல்லவா?

இதற்கு ஊர்தி சரியான முகவரியை அறிந்திருக்க வேண்டும். முகவரி உண்டு என்பதை 1996-இல் ரெனட்டா பாஸ்குவலினி, எர்க்கி ரூவோஸ்லாட்டி ஆகியோர் காட்டியிருந்தனர். ஒவ்வோர் உறுப்பின் குருதி நாளமும் தனக்கே உரிய அடையாளங்களைத் தாங்கியிருக்கிறது. மூளையின் நாளத்தை மட்டும் நாடிச் சென்று ஒட்டும் சிறு புரதத் துணுக்குகள் உண்டு. நம் ஊர் அஞ்சல் குறியீட்டு எண் போன்றதே இது.

2009-இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் பெவர்லி டேவிட்சன் குழுவினர் அத்தகைய துணுக்குகளை வைரசின் உறையில் பொருத்தினர். நொதிக் குறை நோயுற்ற எலிகளின் குருதியில் அதைச் செலுத்தினர். மூளை நாளங்களின் உட்சுவர் உயிரணுக்கள் மரபணுவை ஏற்று, நொதியைச் செய்து, மூளைக்குள் வழங்கின. அவர்கள் கண்ட மற்றோர் உண்மை நம் கருத்தை ஈர்க்கிறது. நலமுள்ள எலியின் மூளை நாளத்திற்கு ஏற்ற முகவரி, நோயுற்ற எலிக்குப் பொருந்தவில்லை. நோய், காவலரின் முகத்தையும் மாற்றிவிடுகிறது. நோயுற்றவரைத் தேடிச் செல்ல வேண்டுமாயின், நோயுற்றவரிடமிருந்தே வழி கேட்டறிய வேண்டும்.

2016-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க், லூபெக் நகர ஆய்வாளர்கள் அடுத்த படியை எட்டினர். யாக்கோப் கோர்பெலின், மார்ட்டின் டிரெப்பெல், மார்க்குஸ் ஷ்வானிங்கர் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் எந்த முகவரியையும் தாமாக எழுதவில்லை. 7 அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்குகளைப் பலபட மாற்றி மாற்றி வைரஸ் உறையில் பொருத்தினர். 20 வகை அமினோ அமிலங்களை 7 இடங்களில் அமைத்தால் 128 கோடி வகைகள் இயலும். இவ்வாறு அமைந்த பெருந்தொகுதி ஒன்றை உயிருள்ள எலிகளில் செலுத்தி, மூளையைச் சென்றடைந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினர். பலமுறை இவ்வாறு சலித்தபின், மூளை நுண்குழாய்களின் உட்சுவரை மிகத் துல்லியமாக நாடும் ஓர் ஊர்தி எஞ்சியது.

அதை அவர்கள் பயன்படுத்திய நோயும் எண்ணத்தக்கது. நீமோ என்னும் மரபணு பழுதுபடுவதால் வரும் பிறவி நோயொன்று பெரும்பாலும் பெண் குழந்தைகளைத் தாக்குகிறது. தோலில் கோலங்கள் போன்ற தழும்புகளும், சிலருக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் உண்டாகின்றன. இந்நோயில் மூளையின் உட்சுவர் உயிரணுக்களே மடிகின்றன, நுண்குழாய்கள் வெறும் நூலாகின்றன, தடுப்பு ஒழுகுகிறது. இங்கே காவலரே நோயாளி. எலிகளில் புதிய ஊர்தி அக்காவலருக்கு நல்ல மரபணுவைக் கொண்டு சேர்த்தது, தடுப்பு சீரடைந்தது. 2021-இல் இதே ஆய்வுக் குழுவினர், கோவிட் நோயை உண்டாக்கும் வைரசின் நொதியொன்று மூளை நாளங்களில் அதே நீமோ புரதத்தை வெட்டிவிடுகிறது என்று கண்டறிந்தனர். அந்த ஆய்விலும் இவ்வூர்தியே துணை செய்தது. அரிய நோயுற்ற சில குழந்தைகளுக்காகத் தேடிய அறிவு, உலகத்தையே வாட்டிய நோயைப் புரிந்துகொள்ளவும் உதவிற்று.

எலியும் மனிதரும்

இத்தனையும் எலிகளில் நிகழ்ந்தவை என்பதை நாம் மறத்தலாகாது. 2016-இல் கலிபோர்னியாவில் பென்ஜமின் டெவர்மன், விவியானா கிராதினாரு குழுவினர் மூளையை மிகச் சிறப்பாகச் சென்றடையும் மற்றோர் ஊர்தியை அறிவித்தபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. 2018-இல் அந்நம்பிக்கை குலைந்தது. ஓர் எலி இனத்தில் வியப்பூட்டிய அவ்வூர்தி, மற்றோர் எலி இனத்திலேயே பயனற்றுப்போனது. குரங்குகளிலும் பயன் தரவில்லை. 2019-இல் காரணம் வெளிப்பட்டது. அவ்வூர்தி பற்றிக்கொண்ட கைப்பிடி, சில எலிகளின் மூளை நாளங்களில் மட்டுமே உள்ள ஒரு புரதம். மனிதரிடம் அது இல்லவே இல்லை.

இத்தோல்வி வீணாகவில்லை. 2023-இல் கிராதினாரு குழுவினர் எலியின் உட்சுவர் உயிரணுக்களை, நரம்பிணைப்புகளை வளர்க்கும் ஒரு புரதத்தைச் செய்யும் தொழிற்கூடமாக மாற்றிக் காட்டினர். அதே வேளையில், அவர்கள் வடிவமைத்த ஊர்தி குரங்குகளில் உட்சுவரோடு நில்லாமல் நரம்புயிரணுக்களை நாடுவதையும் ஒளிக்காமல் எடுத்துரைத்தனர். 2024-இல் டெவர்மன் குழுவினர் முறையையே மாற்றினர். மனிதரின் மூளை நாளங்களில் இரும்புச் சத்தை உள்ளே அழைத்துச் செல்லும் ஏற்பி ஒன்று உண்டு. அந்த மனித ஏற்பியையே முன்வைத்து, அதைப் பற்றிக்கொள்ளும் ஊர்தியை ஆய்வகத்தில் தேர்ந்தெடுத்தனர். அந்த ஏற்பியைத் தாங்கும்படி மரபு மாற்றிய எலிகளில், பழைய 9-ஆம் வகையைவிட 40 முதல் 50 மடங்கு மிகுதியாக மூளையில் அது செயற்பட்டது. எலியிடம் வழி கேட்டுவிட்டு மனிதரிடம் வருவதை விடுத்து, மனிதரின் வாயிலிலிருந்தே தேடலைத் தொடங்கியதன் பயன் இது.

எனினும், மூளை நாளத்தின் உட்சுவரை மட்டும் நாடும் ஊர்தி எதுவும் மனிதருக்கான மருந்தாக இன்னும் ஒப்புதல் பெறவில்லை. அவசரத்தின் விலையையும் இத்துறை அறிந்திருக்கிறது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் ஒரு தசை நோய்க்காக இவ்வகை வைரசை மிகுந்த அளவில் ஏற்ற சிறுவர்களுள் நால்வர் உயிரிழந்தனர். சரியான முகவரியோடு செல்லும் ஊர்தி, குறைந்த அளவிலேயே போதும் என்பதால்தான் இம்முயற்சிகள் இத்துணை முதன்மை பெறுகின்றன. ஆகவே துல்லியம் என்பது இங்கே அறிஞரின் பெருமைக்குரிய பொருள் மட்டுமன்று. ஒரு குழந்தையின் உயிர் அதைச் சார்ந்து நிற்கிறது.

நம்முன் நிற்கும் வினா

இவ்வரலாற்றைப் படிக்கும்போது நம் உள்ளத்தில் மற்றொரு தடுப்பின் நினைவும் எழுகிறது. தண்டுவட நோய்க்கான அந்த ஒருமுறை மருந்துக்கு 2019-இல் குறிக்கப்பட்ட விலை 21 லட்சம் டாலருக்கும் மேல். நம் நாட்டில், தம் குழந்தைக்கு அம்மருந்தை வாங்குவதற்காகப் பெற்றோர் முன்பின் அறியாதவரிடமெல்லாம் உதவி கேட்டு நின்றதை நாளேடுகளில் படித்திருக்கிறோம். முகமறியாத ஆயிரக்கணக்கானோர் நூறும் ஐந்நூறுமாய் அனுப்பிய பணத்தால் பிழைத்த குழந்தைகளும் உண்டு. பணம் சேருமுன் காலம் கடந்துபோன குழந்தைகளும் உண்டு. குருதிக்கும் மூளைக்கும் இடையே நிற்கும் தடுப்பு, உயிரைக் காப்பதற்காக இயற்கையில் அமைந்தது. மருந்துக்கும் ஏழைக்கும் இடையே நிற்கும் தடுப்பை அமைத்தவர் மனிதர். அது எந்த உயிரையும் காக்கவில்லை.

எர்லிக் தவறாகச் சொன்னதைக் கோல்ட்மன் திருத்தினார். நாடு கடத்தப்பட்டுத் திரும்பிய ஸ்டெர்ன் அம்மையார் மீண்டும் ஆய்வகம் புகுந்தார். எலியில் வென்று குரங்கில் தோற்றவர்கள் தோல்வியை மறைக்காமல் எழுதி வைத்தனர். அதைப் படித்தவர்கள் அடுத்த படி ஏறினர். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறிவந்த இந்த அறிவு, எந்த ஒரு நாட்டுக்கோ நிறுவனத்துக்கோ மட்டும் உரியதன்று என்றே நாம் கருதுகிறோம்.

கற்ற சொற்களை மறந்துவரும் குழந்தையைப் பற்றித் தொடக்கத்தில் கூறினோம். அக்குழந்தையின் மூளை வாயிலில் நிற்கும் காவலர், ஒருநாள் தாமே மருந்து செய்து உள்ளே வழங்கக்கூடும். அந்நாள் வரும்போது, அம்மருந்து சிற்றூரில் ஓலைக் கூரையின்கீழ்ப் பிறந்த குழந்தைக்கும் எட்டுமா? ஆய்வகங்களால் மட்டும் இதற்கு விடை தர இயலாது. அரசுகளும், மருந்து செய்வோரும், அவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கும் கடமையுடைய நாமும் சேர்ந்தே விடை தர வேண்டும்.